ஜிம்மியை வரையக் கொடுத்தபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் தொங்குபவை ஏறக்குறைய ஒன்றுதான்: சாமிப் படங்கள், மாலை போட்ட தாத்தா பாட்டி, கல்யாணப் படம், பட்டமளிப்பு அங்கியில் ஒரு பிள்ளை. தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த காலத்திலும் இதே வரிசைதான். பட்டமளிப்புப் படம் மட்டும் அப்போது பல வீடுகளில் இருக்காது. ஆகவே, அம்மாவின் நாயை ஓவியமாக வரையக் கொடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் மாமா முகம் சுளித்தார். "பெற்ற அப்பனுக்கே ஒழுங்கான படம் ஒன்று இல்லை, நாய்க்குப் படமா?" என்றார். படம் வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. யாரிடம் கொடுத்தாய், எவ்வளவு ஆயிற்று, என்ன கேட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காதவர்கள் குறைவு. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

ஜிம்மியைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் புரியாது. எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, அழித்து எண்ணெய் தரும் செம்பனை நட்டபோது லயத்தில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தன. அடுக்குமாடி வீடு கிடைத்தவர்களால் நாயை உடன் கொண்டுபோக முடியவில்லை. பூட்டிய லயத்து வாசல்களில் நாய்கள் பல நாள் படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி விடப்பட்ட ஒரு பெட்டை நாயின் குட்டிதான் ஜிம்மி. கருப்பு உடல், புருவத்துக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. நாலு கண் நாய் என்பார்களே, அந்த இனம். தோட்டத்து வேலை போன பிறகு அம்மா லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு சிறு தோட்டத்தில் பால் வெட்டப் போனார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு கிளம்ப வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா நடக்க, நாலு அடி முன்னால் ஜிம்மி நடக்கும். பாம்பு கிடந்தால் அது நின்றுவிடும். அது நின்றால் அம்மாவும் நிற்பார். அம்மா வேலையை விட்ட பிறகும் அந்த நாய் விடியற்காலையில் எழுந்து கதவருகில் போய் நிற்பதை நிறுத்தவில்லை. வயது முதிர்ந்து, எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே அது இறந்துபோனது. அம்மா அழவில்லை. ஆனால் அதன் தட்டைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார், இன்றுவரை யாருக்கும் தரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணமே வந்தது.

ஓவியர் எங்கள் ஊர்க்காரர்தான். அச்சகத்தில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வரைகிற இளம்பெண். ஈப்போ லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சந்தையின்போது ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கும்பல் கும்பலாகப் போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் சாமிப் படங்களையும் மயிலையும் பார்த்தார்கள். நான் தேடியது வேறு. அவர் வரைந்தவற்றில் கருப்பு மிருகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கருப்புப் பூனைப் படத்தை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்ததும் மனத்தில் முடிவு செய்துவிட்டேன்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். பொன்னிற ரோமம் உள்ள நாயையும் வெள்ளைப் பூனையையும் அழகாக வரைகிறவர் எல்லாருக்கும் கருப்பு ரோமம் வசப்படுவதில்லை. கருப்பை வெறும் கருப்பாகப் பூசினால் அது நாயின் வடிவில் வெட்டிய நிழலாக நின்றுவிடும். வெளிச்சத்தில் நிற்கும் கருப்பு நாயை உற்றுப் பாருங்கள்: முதுகில் வானத்தின் நீலம் விழுந்திருக்கும், வயிற்றுப் பக்கம் மண்ணின் செம்பழுப்பு ஏறியிருக்கும், காதின் ஓரத்தில் ரோமம் கிட்டத்தட்டத் தேன் நிறமாகத் தெரியும். இவற்றைப் பார்க்கத் தெரிந்தவரா என்பதை அவர் ஏற்கெனவே முடித்த படங்கள் சொல்லிவிடும். உங்கள் வீட்டுப் பிராணி எந்த நிறமோ, எந்த ரோமமோ, அதே மாதிரி ஒன்றை அவர் வரைந்திருக்கிறாரா என்று கேளுங்கள். முடிந்தால் கைப்பேசித் திரையில் பார்ப்பதோடு நிற்காமல் அசலை நேரில் பாருங்கள். திரையில் எல்லாப் படமும் பளபளவென்றுதான் இருக்கும்.

அடுத்தது புகைப்படம். இறந்துபோன பிராணியை வரையக் கொடுக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தடை, இனிப் புதிதாக எடுக்க முடியாது. எங்களிடம் இருந்தவை அண்ணன் கைப்பேசியில் எடுத்த சில படங்களும், உறவினர் திருமணத்தன்று எடுத்த கூட்டுப் படத்தின் ஓரத்தில் ஜிம்மி பாதி தெரியும் ஒன்றும்தான். எல்லாவற்றையும் அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னார் ஓவியர். அவர் அவற்றைத் தட்டிக் கழிக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஒன்றை அடிப்படைப் படமாக வைத்துக்கொண்டார்: முகத்தின் கோணமும் வெளிச்சம் விழும் திசையும் அதிலிருந்து. மற்றவற்றிலிருந்து காதின் வடிவம், கண்ணின் நிறம், பாதத்தில் இருந்த வெள்ளை. வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கலந்து ஒட்டினால் முகம் ஒரு பக்கத்திலிருந்தும் உடல் இன்னொரு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வாங்கியதுபோல் ஆகி, பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும் என்றார்.

அடிப்படைப் படமாக அண்ணனுக்குப் பிடித்ததைத்தான் எடுப்பார் என்று நினைத்திருந்தோம். ஜிம்மி கேமராவை முகர்ந்து பார்க்கும் படம் அது, எல்லாரும் சிரித்து ரசித்தது. அவர் அதை ஒதுக்கிவிட்டார். கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் சிறுத்து, நெற்றி பின்னால் போய்விடும்; அதை அப்படியே வரைந்தால் உங்கள் அம்மாவுக்கு அது ஜிம்மியாகத் தெரியாது என்றார். அவர் சொன்ன பிறகு பார்த்தால் உண்மையாகவே அந்தப் படத்தில் வேறு ஒரு நாய் இருந்தது.

உயிரோடு இருக்கும் பிராணியை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த வாரமே நல்ல படம் எடுத்துவையுங்கள். தரையில் உட்காருங்கள், உங்கள் கண்ணும் அதன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு மீட்டர் தள்ளி இருந்து, கேமராவில் கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், பிளாஷ் கூடவே கூடாது. காலை பத்து மணிக்கு முன்பு வீட்டு முன்திண்ணையின் நிழலில் கிடைக்கும் வெளிச்சம் போதும். கருப்பு நாயென்றால் திரையில் அதன் முகத்தின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணும் ரோமமும் ஒரே இருட்டாகிவிடும். கண்ணுக்குள் ஜன்னலோ வானமோ ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண் ஓவியத்தில் உயிரற்றுப் போகும். எதிர்வீட்டுப் பால்காரர் தன் பசுவை வரையக் கொடுக்க ஆசைப்பட்டபோது நானே போய் இப்படி எடுத்துக் கொடுத்தேன். மாட்டின் கண்ணிமை ரோமம் அவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

புகைப்படம் உருவத்தைத் தரும். குணத்தை யார் தருவது? ஓவியர் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவோடு உட்கார்ந்து பேசினார். எந்த வயது ஜிம்மி வேண்டும் என்று கேட்டார். நான் இளமையில் துள்ளிக்கொண்டிருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா குறுக்கிட்டு, "முகம் நரைத்த பிறகு இருந்தது போதும். அப்போதுதான் அது என்னை அதிகம் பார்த்துக்கொண்டிருக்கும்" என்றார். கழுத்தில் என்ன கட்டியிருந்தீர்கள் என்றார் ஓவியர். முனியாண்டி கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு, அதன் முடிச்சு எந்தப் பக்கம் என்பதுவரை அம்மாவுக்கு நினைவிருந்தது. எதைப் பார்க்கும்போது காதைத் தூக்கும், யார் வந்தால் எழுந்திருக்காமல் வாலை மட்டும் ஆட்டும், படுக்கும்போது எந்தக் காலை மடக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். இவ்வளவும் எதற்கு என்று எனக்கு முதலில் தோன்றியது. வரைகிறவர் அந்த நாயைப் பார்த்ததே இல்லை. நாம் பதினான்கு ஆண்டு பார்த்ததை ஒரு மாலைப் பொழுதில் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். நல்ல ஓவியம் கிடைப்பதில் பாதிப் பொறுப்பு வரையக் கொடுப்பவருடையது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

விலை விஷயத்தில் நம் ஆட்கள் நடந்துகொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. "ஒரு நாய்ப் படத்துக்கு இவ்வளவா?" என்று அந்தப் பெண்ணின் மேசை முன்னால் நின்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏ3 அளவில் கலர் பென்சிலில், ரோமம் ரோமமாக வரைகிற ஒரு முகத்துக்கு முப்பது மணி நேரம் சாதாரணமாகப் போகும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட்; மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். முப்பது மணி நேரத்துக்கு அந்தக் கணக்கிலேயே 261 ரிங்கிட் 60 சென் ஆகிவிடுகிறது. பருத்திக் காகிதமும் நிறம் மங்காத பென்சில்களும் அதற்கு மேல். பல ஆண்டுப் பயிற்சிக்கு இன்னும் விலையே போடவில்லை. அவர் 480 ரிங்கிட் சொன்னார், நான் பேரம் பேசவில்லை. பால் எடையைப் பார்த்துக் கூலி போட்ட காலத்தில், மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை என்று வாழ்ந்த வீட்டில் பிறந்தவள் நான். கை வேலைக்குக் கூலியைக் குறைத்துக் கேட்க எனக்கு நா எழாது. வசதி போதவில்லையென்றால் வேறு வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், முழு உடலுக்குப் பதில் முகம் மட்டும் கேட்கலாம், பின்னணியை வெறுமையாக விடச் சொல்லலாம், பென்சில் கோட்டோவியமாக வாங்கலாம். இவற்றைச் சொல்லி விலை கேட்டால் எந்த ஓவியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாதிப் பணம் முன்பணம், மீதி முடிந்த பிறகு. இது பரவலான வழக்கம், இரு பக்கத்துக்கும் நியாயமானது. முழுத் தொகையையும் முதலிலேயே கேட்கும் அறிமுகமில்லாதவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு காசும் முன்பணம் தராமல் ஒருவரை முப்பது மணி நேரம் உட்காரவும் வைக்காதீர்கள். பேசியதை எல்லாம் ஒரே செய்தியில் எழுதி, இருவரும் சரி என்று பதில் போட்டுக்கொண்டோம்: அளவு, எதில் வரைவது, எத்தனை உருவம், பின்னணி, எப்போது முடியும், எந்தக் கட்டத்தில் எத்தனை திருத்தம், பிரேம் யார் பொறுப்பு, இடையில் நிறுத்தினால் முன்பணம் என்னவாகும். தமிழிலேயே எழுதினோம். உறவுக்காரப் பெண் போலப் பழகினாலும் இதை எழுதிக்கொள்வதில் கூச்சப்படக் கூடாது. எழுதியிருந்தால் உறவும் நிலைக்கும்.

அதில் ஒரு வரி பதிப்புரிமை பற்றியது, பலர் இதை நினைப்பதே இல்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்துச் சொல்லி வரைவித்த படைப்பின் உரிமை, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை, வரையச் சொன்னவருக்கே போய்ச் சேரும். அமெரிக்கா போன்ற நாடுகளில் எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை அது பொதுவாக ஓவியரிடமே இருக்கும். அந்த நாட்டு ஓவியர்களின் நிபந்தனைகளைப் பார்த்து நம் ஊர் ஓவியர்களும் அப்படியே எழுதி வைத்திருப்பதுண்டு. ஆகவே வாயால் விட்டுவிடாமல் தீர்த்துக்கொள்வது நல்லது. நாங்கள் பேசிக்கொண்டது இது: அவர் தன் வேலைக்குச் சான்றாகப் படத்தை யாருக்கும் காட்டலாம், அச்சிட்டு விற்க மாட்டார். நாங்கள் குடும்பத்துக்குள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். வணிகத்துக்குப் பயன்படுத்த மாட்டோம். அவர் கையெழுத்தை மறைப்பதோ படத்தைச் சிதைப்பதோ எப்படியும் கூடாது. படைப்பாளியின் பெயருக்கும் படைப்பின் முழுமைக்கும் உள்ள உரிமையை அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு தனியாகக் காக்கிறது. உரிமை நமக்கு வந்தாலும் அது அவரிடமே இருக்கும்.

முதல் கோட்டு வரைவு வந்த நாளை நான் மறக்க மாட்டேன். பின்னணியில் ஒரு பால்மரம் வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஓவியர் பட்டணத்தில் வளர்ந்தவர். செம்பனை பார்த்து வளர்ந்த தலைமுறை. வரைவைத் தாளிலேயே கொண்டு வந்திருந்தார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாயை முதலில் பார்க்கவே இல்லை, மரத்தைப் பார்த்தார். "இதை யார் வெட்டியது? கோடு தலைகீழாகப் போகிறதே" என்றார். பால்வெட்டுக் கோடு மரத்தை எதிரே நின்று பார்க்கும்போது இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். வரைவில் அது வலமிருந்து இடமாகச் சரிந்திருந்தது. அம்மா எழுந்துபோய்ப் பால் வெட்டும் பழைய உளியை எடுத்துவந்தார். கதவு நிலைக்கு முன்னால் நின்று, மரத்தைத் தொடாமலே, கை எப்படி இழுக்கும், கால் எப்படிப் பின்வாங்கும், கோட்டின் முடிவில் பால் வடியும் பீலி எங்கே இருக்கும், அதற்குக் கீழே பாலைப் பிடிக்கும் மங்கு எவ்வளவு தள்ளித் தொங்கும் என்று செய்து காட்டினார். எழுபது வயதைத் தாண்டியவர். அந்தக் கை கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காணொளி எடுத்தார், பிறகு அங்கேயே அமர்ந்து மரத்தை அழித்து மறுபடி வரைந்தார்.

நாயைப் பார்த்தபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் இருந்தார். "என்ன பாட்டி, சரியில்லையா?" என்று ஓவியர் கேட்டார். "ஜாடை இருக்கிறது. ஆனால் யாரையோ கண்டு உறுமுவது மாதிரி இருக்கிறது" என்றார் அம்மா. ஓவியர் நாங்கள் அனுப்பிய படங்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார். அடிப்படைப் படத்தில் ஜிம்மியின் காதுகள் பின்னால் ஒட்டியிருந்தன, அண்ணன் ஏதோ சத்தம் கொடுத்திருக்க வேண்டும். திருமணப் படத்தின் ஓரத்தில் வலது காது நிமிர்ந்தும் இடது காது பாதியில் மடிந்தும் இருந்தது. காதை மட்டும் அதிலிருந்து எடுத்து மாற்றியதும் முகமே தெளிந்துவிட்டது. கண்ணில் ஒரு கோடுகூட அவர் மாற்றவில்லை.

கோட்டு வரைவு நிலையிலேயே வீட்டில் அந்தப் பிராணியோடு அதிகம் பழகியவரிடம் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உங்களுக்கு அது அழகான படமாகத் தெரியலாம். பழகியவர் கண்ணுக்குத்தான் எது பொருந்தவில்லை என்று தெரியும். அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "உறுமுவது மாதிரி இருக்கிறது" என்பது போதும், காரணத்தைக் கண்டுபிடிப்பது ஓவியரின் வேலை. அதற்குப் பிறகு திருத்துவது எதில் வரைகிறார் என்பதைப் பொறுத்தது. கணினியில் வரைந்தால் கடைசிவரை மாற்றலாம். எண்ணெய் வண்ணத்தில் மேலே பூசித் திருத்தலாம், ஆனால் காய்வதற்கு வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். நீர்வண்ணம் தாளில் ஊறிவிட்டால் மீட்பது கடினம். கலர் பென்சில் லேசாக இருக்கும்வரை அழியும்; அடர்த்தியாக ஏறிய பிறகு அழியாது. வண்ணம் தீட்டி முடித்த பிறகு "காலைக் கொஞ்சம் தூக்கி வரையுங்கள்" என்று கேட்பது அநியாயம்.

வண்ணம் தீட்டும்போது ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மை தீர்ந்துபோன பேனா ஒன்றால் வெறும் தாளின்மேல் அழுத்தி அழுத்திக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தாளில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதன் மேல் கருநீலத்தைச் சாய்வாகத் தேய்த்தார். பேனா அழுத்திய பள்ளங்களில் நிறம் ஏறாமல், மெல்லிய வெள்ளைக் கோடுகளாக ஜிம்மியின் மீசையும் தாடையின் நரையும் மேலெழுந்து வந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கருநீலத்துக்கு மேல் அடர் பழுப்பு, அதற்கு மேல் மறுபடி நீலம், மூக்கிலிருந்து நெற்றிக்கும் நெற்றியிலிருந்து கழுத்துக்கும் ரோமம் படியும் திசையிலேயே ஒவ்வொரு கோடும். "கருப்புப் பென்சிலை எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "கடைசியில்தான் அக்கா. கண்ணின் நடுவிலும் மூக்குத் துவாரத்திலும் கொஞ்சம். அதை முதலில் எடுத்தால் மற்ற நிறமெல்லாம் செத்துவிடும்" என்றார்.

இந்தப் பொறுமையைப் பார்த்தவளுக்கு, என் சித்தி மகளுக்கு நேர்ந்தது ஆத்திரத்தை மூட்டியது. கையால் வரைந்து தருவதாகச் சொன்ன இணையக் கடை ஒன்றில் அவள் தன் பூனையின் படத்துக்குப் பணம் கட்டினாள். வந்தது புகைப்படத்தைக் கணினி கொண்டு வண்ணம்போல் மாற்றி அச்சிட்ட தாள். பூனைக்கு ஒரு காலில் விரல்கூட அதிகம். கணினி உருவாக்கியது என்று சொல்லி விற்றால் வாங்குகிறவர் விருப்பம். கைவேலை என்று சொல்லி விற்பது ஏமாற்று. பாதி முடிந்த நிலையில் மேசையோடும் பென்சிலோடும் எடுத்த படத்தைக் கேளுங்கள். உண்மையில் வரைகிறவர் மகிழ்ச்சியாக அனுப்புவார். கைக்கு வந்ததும் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: பென்சில் அழுத்தமும் மெழுகின் மினுமினுப்பும் தெரியும், அச்சில் அது சமதளமாக இருக்கும். ஏமாந்துபோனால் சும்மா விடவும் வேண்டாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வக்கீல் வேண்டாம். விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, பேசிய செய்திகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

பிரேம் போடுவதில் நம் தட்பவெப்பத்தை மறந்துவிடக் கூடாது. சாமிப் படத்துக்குப் போடுவதுபோலக் கண்ணாடியைத் தாளின்மேல் ஒட்டினாற்போல் வைத்துப் பின்னால் சாதாரண அட்டையை அடித்துவிடுவார்கள். நம் ஊர் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும், மட்டமான அட்டையின் அமிலம் ஏறிப் பழுப்புப் புள்ளிகள் விழும். சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்துக் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள். அட்டைகள் அமிலமற்றவையாக இருக்கட்டும். ஒட்டுநாடாவைத் தாளின் முழு ஓரத்திலும் ஒட்டாமல் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தாளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பின்பக்கத்தை நன்றாக மூடாவிட்டால் பூச்சி உள்ளே போய்த் தாளைத் தின்னும். கடைக்காரருக்கு இது புதிதாக இருந்தால் பொறுமையாகச் சொல்லி, பக்கத்தில் நின்று செய்வித்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது என்பதில் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. முன்னோர் படங்களின் வரிசையில் வேண்டாம் என்று மாமா கண்டிப்பாகச் சொன்னார். அதில் அம்மாவுக்கும் மறுப்பில்லை. சாமி மேடைக்கு அருகில் சூடமும் ஊதுவத்தியும் புகைந்து கண்ணாடியையும் தாளையும் மஞ்சளாக்கும். முன் ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிற்பகல் வெயில் நேராக விழும். எவ்வளவு நல்ல பென்சிலாக இருந்தாலும் வெயில் நிறத்தைக் குடித்துவிடும். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கமும் ஈரம் கோக்கும். அம்மா பின்கதவுக்குப் பக்கத்தில் கேட்டார், ஜிம்மி படுத்த இடம் அதுதான். அங்கே தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு வரும் என்று சொல்லி, ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் உள்ள உள்சுவரில் மாட்டினோம். அம்மா உட்காரும் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும்.

பிரேமுக்குக் கொடுப்பதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருந்தது, அதைச் செய்யச் சொன்னதும் ஓவியர்தான். ஈப்போவில் ஏ3 தாளை முழுதாக ஸ்கேன் செய்யும் அச்சகத்தில் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு பிரதி எடுத்துவைத்தோம். கண்ணாடி போட்ட பிறகு புகைப்படம் எடுத்தால் நம் முகம்தான் அதில் விழும். ஜொகூர் பாருவில் இருக்கும் அண்ணன் அச்சுப் பிரதி ஒன்று கேட்டார். உடன்பாட்டில் அது இருந்ததால் ஓவியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏ4 அளவில் அடித்து அனுப்பினோம். அசலை யாருக்காவது அஞ்சலில் அனுப்ப நேர்ந்தால் சுருட்டாதீர்கள், கலர் பென்சில் உரசிக் கலைந்துவிடும். மேலே வழுவழுப்பான தாளை வைத்து, இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் தட்டையாகக் கட்டுங்கள்.

பால்காரரின் பசு இப்போது அந்தப் பெண்ணின் மேசையில் கோட்டு வரைவாக இருக்கிறது. கொம்புக்குப் பூசிய நிறம் சிவப்பா பச்சையா என்று அவர்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. வேறு யாருக்காவது கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஆகஸ்டு மாதத்துக்குள் பேசிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் அவர் புது வேலை எடுப்பதில்லை.